வில்கமுவ உமி

நோபர்ட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று கண்டியில் ஒரு பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். விந்தணு எண்ணிக்கை சரி, ஓட்டம் சரி, உருவம் சரி. அவன் யட்டவத்தைக்குத் திரும்பி வந்து இரண்டு நாளுக்குள், அம்மா திரேசம்மா அந்தச் செய்தியை வஹகோட்டையில் இருக்கிற சொந்தக்காரர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். மகனுக்குக் குறை இல்லை என்றால் குறை யாருக்கு என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வீட்டில் இருப்பது ஒரே ஒரு மருமகள்.

மார்ஜரி கருத்தரிக்காதவளும் இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நான்கு தடவை தரித்து, நான்கும் மூன்றாம் மாதம் பிறக்குமுன் கலைந்துபோயின. ஒவ்வொரு தடவையும் திரேசம்மா பத்தியம் பார்த்துச் சமைத்துப் போட்டாள், வஹகோட்டை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள், பக்கத்து வீட்டுக்காரிகளிடம், "வயிறு பலமில்லாத புள்ள, என்ன செய்யிறது" என்று பெருமூச்சு விட்டாள். அவளைக் கொடுமைக்காரி என்று சொல்ல முடியாது. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் மார்ஜரிக்குத் திருப்பிப் பேசவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

நோபர்ட் தன்னை அம்மாவை விட ஒரு படி மேலான ஆள் என்று நினைத்திருந்தான். பிள்ளை இல்லாத வீட்டைப் பற்றி அம்மா ஜாடையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவான். நான்காவது தடவை கலைந்து மார்ஜரி ஆசுபத்திரியில் கிடந்தபோது அவள் தலையைத் தடவி, "கவலப்படாத மார்ஜி, நான் ஒன்னும் நெனைக்கல்ல" என்றான். மனதார மன்னித்துவிட்டிருந்தான் மனுஷன். அந்தப் பெருந்தன்மையால் அவனுக்குத் தன் மேலேயே கொஞ்சம் மரியாதை இருந்தது.

யட்டவத்த சந்தைக்குப் பக்கத்தில் அவனுக்கு விவசாய மருந்துக் கடை. விதை, பசளை, பூச்சிமருந்து எல்லாம் உண்டு. அப்பா வைத்துவிட்டுப் போன கடை. வாரத்தில் ஒரு நாள் வேனில் சாமானை ஏற்றிக்கொண்டு வில்கமுவைக்குப் போவான். அங்கே வயல்காரர்களுக்கு டவுனுக்கு வந்து போவதென்றால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும். முழுப் பை வாங்க முடியாதவர்களுக்காக, பெரிய சாக்கில் வருகிற குருணை மருந்தைக் கடையின் பின்னறையில் கொட்டி, தகரக் குவளையால் அள்ளி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போவான். கையுறை, முகமூடி என்ற பேச்செல்லாம் கிடையாது. அப்பாவும் அப்படித்தான் கட்டினார். மருந்தை அப்படிப் பிரித்து விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டமும் வில்கமுவ பஸ்ஸும் ஒன்று: இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், கண்ணால் கண்டவர்கள் குறைவு.

மார்ஜரி படித்தவள். விலங்கியல் பட்டம் எடுத்துவிட்டு, மாத்தளை டவுனுக்கு வெளியே ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் உதவி ஆய்வாளராக இருந்தாள். ஒரு காலத்தில் கொக்கோ வைத்திருந்த களஞ்சியம் அது. இப்போது அதற்குள் வெள்ளைச் சுண்டெலிகள் கூடு கூடாக இருந்தன. அதன் தலைவி சந்திரகாந்தா மேடம், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சிங்களப் பெண்மணி. அதிகம் சிரிக்காதவர், ஆனால் எலிகளுக்குக் கூடக் குரலை உயர்த்தாதவர்.

அங்கே நடந்த ஆராய்ச்சியைக் கேள்விப்பட்டபோது நோபர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. ஆண் எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு வயலுக்குப் போடுகிற குருணை மருந்தில் இம்மியளவு கரைத்துக் கொடுப்பார்கள். மற்றக் கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். கொஞ்ச வாரம் கழித்து இரண்டிலும் விந்தணுவை எடுத்து, பெண் எலியிடமிருந்து எடுத்த முட்டைகளோடு ஒரு கண்ணாடித் தட்டில் சேர்த்து, உடம்புச் சூட்டில் இருக்கிற பெட்டிக்குள் வைப்பார்கள். முட்டை கரு ஆகிறதா, ஒன்று இரண்டாகிறதா, இரண்டு நான்காகிறதா, நாலாம் நாள் வரைக்கும் உயிரோடு வளர்கிறதா என்று மார்ஜரி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருப்பாள். மீதி விந்தணுவை எடுத்து, அதற்குள் இருக்கிற டி.என்.ஏ. முழுசாக இருக்கிறதா, நூல் நூலாக உடைந்திருக்கிறதா என்று இன்னொரு சோதனை செய்வாள்.

"எலிக்குப் புள்ள பொறக்க இவ்வளவு பாடா? ரெண்டையும் ஒரே பெட்டியில விட்டா அதுகளே பாத்துக்குமே" என்றான் நோபர்ட்.

"விட்டா பொறக்கும்தான். எந்தக் கட்டத்துல நிக்கிதுன்னு தெரியாதே" என்றாள் மார்ஜரி. அவள் சிரிக்கவில்லை.

அது 2007ஆம் வருஷம். சண்டை வடக்கிலும் கிழக்கிலும். மாத்தளைப் பக்கத்துக்கு அதிலிருந்து வந்து சேர்ந்தது பெரும்பாலும் செக்பொயின்ட்தான். வில்கமுவயிலிருந்து திரும்பும் வழியில் ஒன்று, டவுனுக்குள் நுழையும்போது இன்னொன்று. தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையைக் கண்டால் வேனில் இருக்கிற சாமான் எல்லாம் ரோட்டுக்கு இறங்கும்.

அந்த வருஷத் தொடக்கத்தில் எலிகளுக்குப் படுக்கை கிடைக்காமல் போயிற்று. மரம் அரிந்து தூள் கொடுத்துக்கொண்டிருந்த மரக்காலையை மூடிவிட்டார்கள். மார்ஜரி கவலைப்படுவதைப் பார்த்த நோபர்ட், "உமி சரி வருமா? வில்கமுவ மில்லுல மலை மாதிரி கெடக்கு, சும்மாவே தருவாங்க" என்றான். மேடமும் சரி என்றார். அன்றிலிருந்து வாராவாரம் நான்கு மூட்டை உமி கொக்கோக் களஞ்சியத்துக்கு வந்தது. மனைவியின் வேலைக்குத் தன்னால் ஒரு உதவி என்பதில் நோபர்ட்டுக்குச் சந்தோஷம். மூட்டைகளைத் தானே தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோய் வைப்பான். மேடம், "நோபர்ட் இல்லாவிட்டால் எங்கள் எலிகள் தரையில்தான்" என்று சொன்னபோது அவனுக்கு ஒரு வாரத்துக்கு அது போதுமாக இருந்தது.

உமி வந்து ஆறேழு மாதத்தில் ஆராய்ச்சி குழம்பியது. மருந்து கொடுத்த எலிகளின் விந்தணுவில் சேதம் கண்டார்கள். அது எதிர்பார்த்தது. ஆனால் வெறும் தண்ணீர் குடித்த எலிகளிடமும் அதே சேதம், கொஞ்சம்தான் குறைவு. அவற்றின் விந்தணு நன்றாக நீந்தியது, முட்டையைத் துளைத்து உள்ளே போயிற்று, கரு இரண்டாகவும் நான்காகவும் பிரிந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோயிற்று. திரும்பச் செய்தார்கள். திரும்பவும் அப்படியே.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "மார்ஜரி, கூடுகள் மாறிவிட்டனவா என்று பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். கூடுகள் மாறவில்லை. தண்ணீர்ப் போத்தல்களைச் சோதித்தார்கள், தீனியைச் சோதித்தார்கள், பெட்டியின் சூட்டைச் சோதித்தார்கள். எல்லாம் சரி. மிச்சம் இருந்தது மார்ஜரியின் கை ஒன்றுதான். அதை மேடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அடுத்த தடவை முட்டைகளைத் தானே எடுத்தார். வீட்டிலே வயிறு பலமில்லாதவள், வேலையிலே கை சுத்தமில்லாதவள். அந்த நாட்களில் மார்ஜரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றை அளைந்துகொண்டிருப்பதை நோபர்ட் பார்த்தான். அவனுக்கு மேடத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மார்ஜரி துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனாள். போனவள் திரும்பி வரவில்லை. நோபர்ட் எட்டிப் பார்த்தான். அவள் ஈரத் துணி வாளியைக் கையில் வைத்துக்கொண்டே கம்பிக்கு முன்னால் நின்றிருந்தாள். கம்பியில் நான்கு சாக்குகள் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. குருணை மருந்துக் கம்பெனியின் ஊதா எழுத்துப் போட்ட சாக்குகள்.

"இதுலதான் உமி கொண்டு வாறீங்களா?"

"ஓம். பின்ன எதுல?"

"வேற சாக்கே இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. ஆனா வெறுஞ் சாக்குல கொண்டு வந்தா செக்பொயின்ட்ல ஒவ்வொன்னா ரோட்டுல கொட்டச் சொல்றான் மார்ஜி. மொத வாரம் அரைவாசி உமி காத்துல போயிருச்சி. இந்தச் சாக்க அவனுங்களுக்குத் தெரியும். மருந்துக்கட மொதலாளின்னு கைய ஆட்டி விட்டுர்றான்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான்: "சும்மா கொண்டு வரல்ல. ஒவ்வொரு தடவையும் நல்லா அலசி, வெயில்ல போட்டுத்தான் எடுத்துட்டுப் போறேன்."

மார்ஜரி வாளியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தான். அவள் கோபப்படவில்லை. சாக்கை உட்புறம் வெளியே வரத் திருப்பி, தையலை விரித்துக் காட்டினாள். தையலின் மடிப்புக்குள் மருந்து ஊதா நிறத்தில் மாவு போல ஒட்டிக்கொண்டிருந்தது.

"எலி உமியில படுக்கிறது மட்டுமில்லங்க. கடிக்கும், நக்கும், அதுக்குள்ளேயே புதைஞ்சி கெடக்கும்" என்றாள். "என் கை இல்ல. அப்பாடா." அதைச் சொல்லிவிட்டு அவள் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

திங்கட்கிழமை நோபர்ட் போய் மேடத்திடம் தானே சொன்னான். வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு வருஷ வேலையை அலசிய சாக்கினால் அழித்தவன் என்று அவர் தன்னைத் திட்டுவார் என்று நினைத்தான். அவர் சாக்குத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, மார்ஜரியிடம் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு எலிகளுக்குத் தென்னந்தும்புத் தூள் படுக்கை வந்தது. உமியில் கிடந்த எலிகளில் மிஞ்சிய சிலவற்றை அப்படியே தூளுக்கு மாற்றி, இரண்டு மாதம் சும்மா விட்டு, மறுபடியும் சோதித்தார்கள்.

சேதம் மறைந்திருந்தது. பழைய விந்தணு எல்லாம் கழிந்து புதியது உண்டாகியிருந்தது, அதில் டி.என்.ஏ. முழுசாக இருந்தது. கருக்கள் நாலாம் நாளைத் தாண்டி வளர்ந்தன. மார்ஜரி இதை வீட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். குரலில் சந்தோஷம் இருந்தது, ஆனால் நோபர்ட்டின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

நோபர்ட் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் இருந்தான். அவன் ஒன்றும் மக்கு இல்லை. அலசிக் காயவைத்த சாக்கில் ஒட்டியிருந்ததே ஒரு எலிக்கு அவ்வளவு செய்திருக்கிறது. பதினைந்து வருஷமாகக் குவளையால் அள்ளி, தூள் பறக்கப் பறக்கப் பொட்டலம் கட்டியவன் அவன். கட்டிய கையோடு வெற்றிலை போட்டவன், பிளேன்டீ குடித்தவன்.

"கண்டி டொக்டர் எல்லாம் சரின்னாரே" என்றான்.

"எண்ணிக்கையும் ஓட்டமும் பாத்திருப்பாரு. எலியிலயும் அது ரெண்டும் சரியாத்தான் இருந்திச்சி." எவ்வளவு நாளாக அவளுக்கு அந்தச் சந்தேகம் இருந்ததோ தெரியாது. கேட்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

அதற்கிடையில் ஆராய்ச்சியின் அடுத்த கட்டம் தொடங்கியிருந்தது. வயல்காரர்களிடமும் விந்து மாதிரி வாங்க மேடத்துக்கு அனுமதி கிடைத்தது. வில்கமுவயில் ஆள் பிடித்துக் கொடுக்கிற பொறுப்பு யார் தலையில்? நோபர்ட் தலையில். அவனும் மரத்தடியில் நின்று பிரசங்கம் வைத்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பேர் வெளியே வராது, ஆம்பிளை என்றால் தைரியமாக முன்வர வேண்டும். கூட்டத்தில் பல் இல்லாத ஒரு வயல்காரர் இருந்தார், அவரை யாரும் மாதிரி கேட்கவும் இல்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொதலாளி குடுத்தாச்சா?" என்று சிங்களத்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நோபர்ட்டும் சிரித்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் காலையில் கடையைத் திறக்காமல் நேரே கொக்கோக் களஞ்சியத்துக்குப் போனான். மார்ஜரி உள்ளே எலிகளோடு இருந்தாள். அவளைத் தாண்டிப் போய் மேடத்தின் அறைக் கதவைத் தட்டி, "எனக்கும் ஒரு போத்தல் தாங்க" என்றான். அவனுடைய சோதனையை மார்ஜரி செய்யக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். மார்ஜரியும் அதையே சொன்னாள்.

முடிவு வந்த அன்று மேடம் அவனை மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார வைத்தார். முதலில் சேதமில்லாத எலி ஒன்றின் விந்தணுவைக் காட்டினார். இருட்டில் செம்மஞ்சள் பொட்டுகள், உருண்டையாக, ஓரம் சிதறாமல். பிறகு கண்ணாடித் தகட்டை மாற்றினார். இதிலும் பொட்டுகள்தான், ஆனால் பாதிக்கு மேல் வால் முளைத்து ஒரு பக்கமாகக் கரைந்து ஓடியிருந்தன. உடைந்த டி.என்.ஏ.தான் மின்சாரம் பாய்ச்சும்போது அப்படி இழுபட்டுப் போகும் என்று மேடம் விளக்கினார்.

"இது மருந்து குடுத்த எலியா?"

"இல்லை. இது நீங்கள்" என்றார் மேடம்.

நோபர்ட் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். மேடம் பக்கத்தில் நின்று, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னார். "நான்கும் இதனால்தான் கலைந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மார்ஜரியினால் என்று இனி யாரும் சொல்லவும் முடியாது. உங்களுக்கு விதை தெரியுமே, முளைக்கும், இரண்டு இலை விடும், பிறகு நின்றுவிடும். தண்ணீர் ஊற்றியவளைக் குற்றம் சொல்லி என்ன செய்வது?"

மருந்தைத் தொடாமல் மூன்று மாதம் இருந்துவிட்டு மறுபடி சோதிக்கலாம் என்றார். எலிக்குத் திரும்பியது போல மனுஷனுக்கும் திரும்பலாம். சத்தியம் செய்ய முடியாது.

நோபர்ட் அன்றே பின்னறையைக் கழுவிப் பூட்டினான். கம்பெனி ஒட்டி அனுப்புகிற முழுப் பை மட்டும்தான் இனிக் கடையில் என்று சொல்லிவிட்டான். வில்கமுவக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். புருஷன் வைத்த கடை மகன் கையில் படுக்கப் போகிறது என்று திரேசம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"ஒனக்கு என்ன பேயா புடிச்சிருக்கு தம்பி?"

நோபர்ட் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னான். மார்ஜரியும் அங்கேதான் இருந்தாள், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு. திரேசம்மா எலிக் கதையைக் கேட்டாள், சாக்குக் கதையைக் கேட்டாள், கண்ணாடியில் கண்ட வாலையும் கேட்டாள். கடைசியில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நடந்தது நடந்துபோச்சி. வெளிய சொல்லாத தம்பி. ஊரெல்லாம் அவளுக்குத்தான்னு நெனைச்சிக்கிட்டு இருக்கு. அது அப்படியே இருக்கட்டும். பொம்பள தாங்கிக்குவா. நாலு எடத்துக்குப் போய் வாற ஆம்பள நீ, ஒம் பேரு கெட்டா நிமிரவே முடியாது."

சொன்னால் வெட்கம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அது நல்ல யோசனை என்றே நோபர்ட்டுக்கு ஒரு கணம் பட்டது. உடம்பு கூடக் கொஞ்சம் லேசானது. அவன் மார்ஜரியைப் பார்த்தான். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மாமி சொல்றது சரிதாங்க. எனக்குப் பழகிப்போச்சி" என்றாள்.

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. முடிந்தது என்றுதான் நோபர்ட் நினைத்தான். இரண்டு வாரம் கழித்து வஹகோட்டையில் ஒரு ஞானஸ்நானம் வந்தது. நோபர்ட்டின் பெரியம்மா மகள் டொறீன், நாற்பது வயதில் ஐந்தாவதைப் பெற்றிருந்தாள். கோவிலில் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, ஆண்கள் முற்றத்தில் பந்தலின் கீழ் உட்கார்ந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று குழந்தையைக் கை மாற்றிக் கை மாற்றி வாங்கி முத்தமிட்டார்கள்.

நோபர்ட் சாராயக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தான். மார்ஜரி அந்த வரிசையில் இல்லை. குசினியில் மிளகாய் அரிந்துகொண்டிருந்தாள். போன ஞானஸ்நானத்திலும் அவள் குசினியில்தான் இருந்தாள். அதற்கு முந்தியதிலும் அப்படித்தான். எவ்வளவு உதவி செய்கிற பெண் என்று அப்போதெல்லாம் அவன் பெருமைப்பட்டிருக்கிறான். அந்தக் குடும்பத்தில் கரு தங்காதவள் கையில் அன்றைக்குக் குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குழந்தை அவளுக்கு முன்னால் வருகிற நேரம் யாருக்காவது பிள்ளைக்குப் பால் கொடுக்கிற ஞாபகம் வந்துவிடும், அவ்வளவுதான். அந்த நேரம் வருமுன்பே அவள் எழுந்து குசினிக்குப் போகப் பழகியிருந்தாள். ஏழு வருஷமாக அவன் கண்ணுக்கு முன்னால் நடந்தது இது.

டொறீன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவனிடம் வந்தாள். நல்ல மனசுக்காரி, அதுதான் தொல்லை.

"தம்பி, மார்ஜரிய ஒம்பது செவ்வாய்க்கெழம விடாம அந்தோனியார் நவநாளுக்கு வரச் சொல்லு. முழங்கால்ல நடந்து வந்தா இன்னும் நல்லம். போன தடவ அவ சரியா முடிக்கல்ல போல."

"அவ எதுக்கு வரணும் அக்கா?" என்றான் நோபர்ட். கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். "குறை எனக்குத்தான்."

வின்சன்ட் மாமா, திரேசம்மாவின் தம்பி, கிளாசைக் கீழே வைத்தார். "என்னடா மருமகனே, கண்டி டொக்டர் நல்லாத்தான் இருக்குன்னு அக்கா சொன்னாளே."

"எண்ணிக்க நல்லாத்தான் இருக்கு மாமா. உள்ளுக்குள்ள ஒடைஞ்சி கெடக்கு. மருந்த அள்ளி அள்ளிக் கட்டினேனே, அது. வெத மொளைக்கும், ரெண்டு எல விடும், அதோட நின்னு போகும். நாலு தடவையும் நான் போட்ட வெதைதான். அவளுக்கு ஒன்னுமே இல்ல. அவ முழங்கால்ல நடக்கத் தேவையில்ல."

ஒருவர் இருமினார். வின்சன்ட் மாமா அவன் கிளாசில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். திரேசம்மா கதிரையை விட்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் கோவில் பக்கமாக நடந்தாள்.

நோபர்ட் குசினிப் பக்கம் போனான். ஜன்னல் திறந்துதான் இருந்தது, மார்ஜரி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மிளகாயை அரிந்து முடித்துப் பலகையை வழித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் பின்வாசலில் இருந்த தண்ணீர் வாளிக்குப் போய்க் குனிந்தாள். அவன் தகரப் பேணியை எடுத்து அவள் கையில் தண்ணீர் ஊற்றினான். சவர்க்காரம் போட்டு விரல் விரலாகத் தேய்த்தாள்.

"பழகிப்போச்சின்னு சொன்னேன்ல, அது பொய்" என்றாள், தலையைத் தூக்காமல்.

"தெரியும்."

"மூணாவது தடவ நான் ஆசுபத்திரியில கெடந்தப்போ, இப்ப சொன்னதச் சொல்ல ஒரு ஆள் இல்ல."

"அப்ப எனக்குத் தெரியாதே மார்ஜி."

"தெரியாதுதான். அதுக்காக நான் உங்களக் குத்தம் சொல்லல்ல. எனக்கும்தான் தெரியாது." அவள் கையை நீட்டினாள், அவன் ஊற்றினான். "ஆனா நான் ஒவ்வொரு தடவையும் எனக்கா இருக்குமோ, எனக்கா இருக்குமோன்னு கேட்டுக்கிட்டேதான் கெடந்தேன். நீங்க ஒரு தடவ கூட உங்களக் கேட்டுக்கல்லையே."

வாசலில் ஆள் நிற்பது தெரிந்து இருவரும் திரும்பினார்கள். டொறீன் நின்றிருந்தாள், முகமெல்லாம் சிவந்து. குழந்தையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டினாள்.

"கையில மொளகாய் அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்றாள் மார்ஜரி. இன்னொரு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவினாள். நோபர்ட் ஊற்றிக்கொண்டே நின்றான். பிறகு அவள் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு போய்ப் பிள்ளையை வாங்கினாள்.